அமாவாசையில் கேட்ட எஞ்சின்

பழைய கார் வாங்குகிறவன் எஞ்சினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் கேட்டேன். கேட்ட இடம்தான் சரியில்லை. சேலம் அம்மாபேட்டையில், நான் குடியிருந்த தெருவில், பகல் பதினோரு மணிக்குக் கேட்டேன். தெருவின் இரண்டு பக்கமும் வீட்டுக்கு வீடு தறி. அந்த நேரத்தில் அங்கே யானை பிளிறினாலும் "என்ன சொன்னீங்க?" என்றுதான் கேட்பார்கள். காரை விற்க வந்தவர் பானட்டைத் திறந்து வைத்து, எஞ்சினைக் காட்டி, வாயை அசைத்தார். "சத்தமே இல்ல பாருங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். நானும் தலையாட்டினேன். சத்தமே இல்லைதான். அந்தத் தெருவில் வேறு எதற்குமே சத்தம் இல்லை.

இது எழுபதுகளின் பிற்பாதியில். நான் சேலத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் மேசை ஒன்றைக் காவல் காத்துக்கொண்டிருந்தேன். மீதி நேரத்தில் புத்தகம் படித்தேன். கார் என் கல்யாணத்தைவிட மூத்தது. பிறக்கும்போது கறுப்பாக இருந்ததாம். வெயிலில் நின்று நின்று நான் வாங்கியபோது கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது.

வாங்கிய பிறகு ஓட்டினேனே, அப்போதாவது சத்தம் கேட்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். கேட்டது. டிக், டிக், டிக் என்று சீராகக் கேட்டது. ஆனால் அம்மாபேட்டையில் சில வருஷம் குடியிருந்தவன் காதில் தறி எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அலுவலகத்தில் ஓடும், சினிமாக் கொட்டகையில் ஓடும், மாமனார் வீட்டுக்குப் போய்ப் படுத்தால் தலையணைக்குள் ஓடும். ஆகவே காரில் உட்கார்ந்ததும் கேட்ட டிக் டிக்கையும் என் சொந்தக் காதின் கணக்கில் எழுதிவிட்டேன்.

அது காரின் சத்தம் என்று எனக்கு முதலில் சொன்னவர் என் தங்கையின் வீட்டுக்காரர்.

அவருக்குப் பரமத்தி வேலூர்ப் பக்கம் ஊர். வெற்றிலைக் கொடிக்கால் உண்டு, வாழை உண்டு, அதற்கு மேல் லாரிகள் உண்டு. லாரி வைத்திருப்பவருக்கு உலகத்தில் மற்ற எல்லா வண்டிகளும் ஒரு விளையாட்டுப் பொருள். கார் வாங்கிய பெருமையைக் காட்ட நானும் என் மனைவியும் ஒரு சனிக்கிழமை அங்கே போய்த் தங்கினோம். ஞாயிறு காலையில் கிளம்பும்போது எஞ்சினைப் போட்டேன். வாசலில் மாப்பிள்ளை, அவருடைய அப்பா, லாரி டிரைவர், வாழைத்தார் ஏற்ற வந்த ஆட்கள் என்று நல்ல கூட்டம். தறி எதுவும் இல்லாத ஊர் அது. மாப்பிள்ளை காதைச் சாய்த்தார்.

"ஏனுங் மச்சான், முன்னால தறி கிறி போட்டிருக்கீங்களா? டிக்கு டிக்குங்குது."

"எங்கீங்க மாப்ள?"

"உங்களுக்குக் கேக்கலீங்களா?"

"கேக்குது. அது என் காதுங்க."

"உங்க காது எனக்கெப்படிங் கேக்குது?"

வாழைத்தார் ஏற்ற வந்த ஆட்கள் தாரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். மாப்பிள்ளை விடவில்லை. "அம்மாபேட்டைக்காரரு இல்லீங்களா. சும்மா வருவானேன், வார வழியில ஒரு சேலை நெய்ஞ்சுட்டு வந்தறலாம்னு பாத்திருப்பாரு" என்று தன் அப்பாவிடம் சொன்னார். அவருடைய அப்பா அதிகம் பேசாதவர். அன்றைக்குப் பார்த்து, "பார்டர் எந்தூர்ல வரும்?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து அந்த ஊரில் என் காருக்குத் தறிவண்டி என்று பெயர்.

இதோடு போயிருந்தால் நானும் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். தங்கையின் பெண் குழந்தைக்குக் காதுகுத்து வந்தது. தை மாதத்தில், அமாவாசை கழிந்து நாள் பார்த்திருந்தார்கள். நான் தாய்மாமன். என் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்த வேண்டும். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சீர் கொண்டு போவது சும்மா போய் இறங்குகிற காரியமில்லை. ஊர் எல்லையில் நிற்க வேண்டும். தங்கையின் வீட்டுக்காரர் மேளத்தோடு வந்து எதிர்கொண்டு அழைத்துப் போக வேண்டும். மாமன் எப்படி வந்தான், எதில் வந்தான், எத்தனை தட்டோடு வந்தான் என்பதையெல்லாம் ஊர் பார்க்கும். பார்த்ததை வைத்து அந்தப் பெண்ணுக்கு அந்த வீட்டில் எவ்வளவு இடம் என்று முடிவு செய்யும். இது நியாயமா என்று கேட்டால் இல்லை. நடக்குமா என்று கேட்டால் நடக்கும்.

நாள் குறித்த அன்று நானும் போயிருந்தேன். சாப்பாட்டு இலைக்கு முன்னால் மாப்பிள்ளை ஒரு யோசனை சொன்னார்.

"மச்சான், நீங்க எதுக்குங் அந்தத் தறிவண்டியக் கட்டிக்கிட்டு மாரடிக்கறீங்க. வழியில நின்னுபோச்சுன்னா முகூர்த்தம் போயிரும். நம்ம லாரி ஒண்ணு அன்னைக்குச் சேலத்துல லோடு எறக்கிட்டு வரும். சீரத் தூக்கிப் பின்னால போட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் முன்னால ஏறிக்குங்க. சொகமா வந்தறலாம்."

கேட்பதற்கு உதவி மாதிரிதான் இருந்தது. நானும் சாப்பிட்டு எழுந்தேன். கைகழுவத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் தங்கை கொல்லைப்புறம் வந்தாள்.

"அண்ணா, நீ நடந்து வந்தாலுஞ் செரி, பஸ்ஸுல தொங்கிக்கிட்டு வந்தாலுஞ் செரி. இவுங்க லாரியில மட்டும் வந்து எறங்கீராத."

"ஏஞ் சாமி?"

"மாமனயும் லோடாட்ட ஏத்தியாந்து எறக்குனோம்னு வருசம் பூராச் சொல்லுவாங்க. இப்பவே கொழம்புல உப்பு கொறைஞ்சாக்கூட உங்கண்ணன் வண்டியாட்டத்தான் இருக்குதுங்கறாங்க."

"அப்ப கார்லயே வந்தர்றேன்."

"அந்தச் சத்தத்தோடயா?" என்றாள். அவள் அழவில்லை. கழுவி முடித்த என் கை மேல் தண்ணீரை ஊற்றிக்கொண்டேயிருந்தாள். "அந்தச் சத்தத்தோட வந்தீன்னா லாரியே மேலு. சத்தமில்லாம வாண்ணா. ஒரே ஒரு நாளைக்கு."

முன்வாசலுக்குப் போனேன். நான் பொதுவாக வம்புக்குப் போகாதவன். அலுவலகத்தில் என் நாற்காலியை யாராவது எடுத்துக்கொண்டு போனால்கூட வேறு நாற்காலி தேடுவேனே தவிர, போனவனைத் தேட மாட்டேன். அன்றைக்கு என்னவோ திண்டில் சாய்ந்திருந்த மாப்பிள்ளைக்கு நேர் எதிரே போய் நின்று, "நான் என் வண்டியிலயே வாரேனுங்க மாப்ள. சத்தம் இருக்காது" என்று சொல்லிவிட்டேன்.

எஞ்சின் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்றுகூட எனக்கு அப்போது தெரியாது. ஆனால் என் மாப்பிள்ளையைத் தெரியும். அது போதும் என்று தோன்றியது.

அவரும் நல்ல மனசோடுதான் நாமக்கல்லில் தனக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் என்னை அனுப்பினார். அந்த ஊரில் தெருவுக்குத் தெரு லாரிக்குக் கூண்டு கட்டுவார்கள். நான் போன பட்டறையில் நின்றிருந்த லாரிகளுக்கு நடுவில் என் கார் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன டிபன் பாக்ஸ் மாதிரி இருந்தது. என் முறை வருவதற்குள் எஞ்சின் நன்றாக ஆறிவிட்டது; மெக்கானிக் அதை ஓடவிட்டுக் கேட்டார்.

"இது ஒரு சத்தமுங்களா? லாரிக்குள்ள இதைக் கொசுன்னு சொல்லுவோமுங்க."

"எனக்குக் கொசுவும் இருக்கக் கூடாதுங்க."

"அப்படிங்களா. டேப்பெட்டுத்தான். இறுக்கி உட்டர்லாம்" என்றார். டிக் டிக் என்றால் டேப்பெட் என்பது அந்த ஊரில் தும்மினால் சளி என்பது மாதிரி. எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றி, உள்ளே வால்வுகளைத் தட்டித் திறக்கிற அந்த டேப்பெட்டுகளை இறுக்கினார். சத்தம் கொஞ்சமும் குறையவில்லை. மறுபடி கழற்றி இன்னும் இறுக்கினார். சத்தத்துக்குப் பதிலாக எஞ்சினின் உயிர் குறைந்தது. திரும்பி வருகிற வழியில், ராசிபுரம் பிரிவு ரோட்டு மேட்டில், மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று என்னைத் தாண்டிப் போனது. தாண்டும்போது வலது பக்கத்து மாடு திரும்பிப் பார்த்தது.

வண்டியை மறுபடி நாமக்கல்லுக்குக் கொண்டுபோனபோது மெக்கானிக் கைகளைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "எஞ்சினையே கீழ எறக்கோணுமுங்க. இப்ப லாரி வேலை நெறையாக் கெடக்குது. மாசி பொறந்து வாங்க."

மாசியில் காதுகுத்து முடிந்து குழந்தைக்குப் புண் ஆறியிருக்கும். மறுநாளே மாப்பிள்ளை என் அலுவலகத்துக்கு டிரங்கால் போட்டார். மேலதிகாரியின் அறையில்தான் போன். அவர் எதிரே நின்று நான் பேசினேன்.

"கேட்டனுங் மச்சான். எஞ்சினே போச்சாமா. லாரி அனுப்பட்டுங்களா?"

"வேண்டாமுங்க."

"அட, இதுலென்னுங் வெக்கம்?"

"வெக்கமில்லீங்க. வேண்டாம், அவ்வளவுதான்."

போனை வைத்ததும் மேலதிகாரி, "எதை வேண்டாங்கறீர்?" என்றார். "லாரி சார்" என்றேன். தனக்குத் தெரியாமல் நான் ஏதோ பெரிய இடத்தில் புழங்குவதாக அவர் அதற்குப் பிறகு கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

எனக்குத் தெரியாத விஷயம் ஏதாவது வந்தால் நான் புத்தகத்திடம் போவேன். பழைய புத்தகக் கடை ஒன்றில் கார் பராமரிப்பைப் பற்றி ஓர் இங்கிலீஷ் புத்தகம் கிடைத்தது. அதிலிருந்த கார்களெல்லாம் பனியில் நின்றன. எஞ்சின் சத்தங்கள் என்று ஓர் அத்தியாயமே இருந்தது. அதன் முதல் வரி: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, ஓர் அமைதியான இடத்தில் வைத்து ஓடவிடவும். நான் படித்து நிமிர்ந்தபோது பக்கத்து வீட்டுத் தறியில் சேலைக்குப் புட்டாப் பூ தடதடவென்று விழுந்துகொண்டிருந்தது.

அமைதியான இடத்துக்குத்தான் போகலாமே என்று ஒரு நாள் ஏற்காட்டு மலை அடிவாரம் வரை ஓட்டிப்போனேன். அங்கே நல்ல அமைதி. ஆனால் ஆஸ்பத்திரிப் படி ஏறியதும் காய்ச்சல் குறைகிற பிள்ளை மாதிரி கார் அடங்கிவிட்டது. வழியெல்லாம் கேட்ட டிக் டிக், நிறுத்திப் பானட்டைத் திறந்ததும் தேய்ந்து, இருக்கிறதா இல்லையா என்று ஆகிவிட்டது. ஆறட்டும் என்று காத்திருக்கலாம் என்றால் இருட்டிக்கொண்டு வந்தது. திரும்பி வந்து, ராத்திரி பூராக் குளிர்ந்து, காலையில் எடுத்தால் மறுபடி கிளம்பியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் காலையில் அது நின்றிருப்பது அம்மாபேட்டையில். ஆக, அமைதி இருக்கிற இடத்தில் எஞ்சின் சூடாக இருந்தது. எஞ்சின் குளிர்ந்திருக்கிற இடத்தில் அமைதி இல்லை. இந்த இரண்டையும் சேர்த்து வைக்கிற வழி அந்தப் புத்தகத்தில் இல்லை.

என் மனைவி, "அவுரு லாரியிலயே போயிறலாங்களா?" என்று ஒரு தடவை கேட்டாள். நான் புத்தகத்தின் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். "செரி, கேக்கலீங்க" என்று போய்விட்டாள்.

வழி தை அமாவாசையன்று கிடைத்தது. அமாவாசையன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. மாதா மாதம் அப்படித்தான். ஆனால் நான் அன்றைக்கு முன்பு ஒருமுறைகூட அமாவாசையில் காரை எடுத்ததில்லை. எடுக்க வேண்டாம் என்பது வீட்டில் என் மனைவியின் சட்டம். அன்று காலை விழித்ததும் காதுக்குள் என்னவோ குறைகிற மாதிரி இருந்தது. வெளியே வந்தால் தெருக்குழாய் சொட்டுவது கேட்டது. தறி ஓடாத நாளிலும் எங்கள் தெருக்காரர்கள் பழக்கதோஷத்தில் கத்தித்தான் பேசுவார்கள். அதிகாலை என்பதால் அதுவும் இன்னும் ஆரம்பிக்கவில்லை.

சட்டத்தை மீறினேன். பானட்டைத் திறந்து வைத்துவிட்டு எஞ்சினைப் போட்டேன்.

டிக், டிக், டிக், டிக்.

அவ்வளவு தெளிவாக நான் அதைக் கேட்டதே இல்லை. நான் மட்டும் கேட்கவில்லை. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அடுத்த வீட்டுக் கதவு திறந்தது. என் வீட்டு உரிமையாளர், நாலு தறி வைத்திருப்பவர், சட்டை போடாமல் துண்டை உதறிக்கொண்டு வேகமாக வெளியே வந்தார்.

"எவன்டா அது, அமாவாசையும் அதுவுமா தறி ஓட்டறவன்?"

தெருவில் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். எந்த வீட்டிலிருந்து சத்தம் வருகிறது என்று மோப்பம் பிடித்துக்கொண்டு என் கார் வரை வந்துவிட்டார்கள். வீட்டு உரிமையாளர் பானட்டுக்குள் எட்டிப் பார்த்தார். அங்கே தறி இல்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"சார், இதுவா?"

"இதுதாங்க."

"இத்தனை நாளா இந்தச் சத்தம் நம்ம தெருவுலதான் இருந்துச்சா?"

"உங்க சத்தத்துக்குள்ள இருந்துச்சுங்க."

அன்று யாருக்கும் வேலை இல்லை. எல்லாரும் நின்றுவிட்டார்கள். இந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் மனைவி தட்டோடு வந்தாள். சட்டத்தை மீறி வண்டியை எடுத்தாகிவிட்டது, இனி தோஷமாவது கழியட்டும் என்று மஞ்சள், குங்குமம், கொளுத்திய ஊதுபத்தி எல்லாம் கொண்டுவந்திருந்தாள். சக்கரத்துக்குப் பொட்டு வைத்தாள். விளக்குக்கு வைத்தாள். பிறகு ஓடிக்கொண்டிருந்த எஞ்சினுக்கு நேராக ஊதுபத்தியைச் சுற்றினாள். சுற்றிக்கொண்டே வந்தவள் எஞ்சினின் பின்பக்கத்து மூலையில் கையை நிறுத்தினாள்.

"ஏனுங்க, இங்க பொகை விக்குதுங்க."

"என்ன?"

"விக்கல் எடுக்குதுங்க. பாருங்க."

குனிந்து பார்த்தேன். மற்ற இடங்களில் புகை நூல் பிடித்த மாதிரி மேலே போயிற்று. அந்த மூலையில் மட்டும் டிக் என்னும்போதெல்லாம் புகை திடுக்கிட்டு ஒதுங்கியது. டிக், ஒதுங்கும். டிக், ஒதுங்கும். அங்கே ஏதோ ஒரு சந்து வழியாக எஞ்சின் ஊதிக்கொண்டிருந்தது.

புத்தகத்தை எடுக்க ஓடினேன். எஞ்சினிலிருந்து எரிந்த புகை வெளியேறுகிற இரும்புக் குழாய்க்கூட்டுக்கு மேனிபோல்டு என்று பெயர். அதுவும் எஞ்சினும் சேரும் இடத்தில் நடுவே கேஸ்கட் என்ற ஒரு தகடு இருக்கும். அந்தத் தகடு பிய்ந்து, சந்து விட்டு, எஞ்சினுக்குள் ஒவ்வொரு தடவை பெட்ரோல் வெடிக்கும்போதும் புகை அந்தச் சந்தில் புகுந்து அடிக்கிறது. அதுதான் டிக். இரும்பு சூடானால் விரிந்து சந்து பாதி அடைபடும், வண்டி நின்று ஓடும்போது சத்தம் குறையும், பாரத்தோடு கிளம்பினால் மறுபடி அடிக்கும். அதுதான் ஏற்காட்டு அடிவாரத்தில் அது காட்டிய பணிவு. அந்த மூலையில் இருந்திருக்க வேண்டிய நட்டு ஒன்று எந்தக் காலத்திலோ கழன்று எந்த ஊரிலோ விழுந்துவிட்டிருந்தது. டேப்பெட்டுக்கும் இதற்கும் ஓர் உறவும் இல்லை. எஞ்சினைக் கீழே இறக்க வேண்டியதும் இல்லை.

"புத்தகத்துல அப்படியே போட்டிருக்கு" என்றேன்.

"புத்தகமா பொகையப் பாத்துச்சு?" என்றாள் மனைவி. தெரு அவள் பக்கம் சேர்ந்துகொண்டது.

அன்றைக்கே கேஸ்கட்டுக்குச் செவ்வாய்ப்பேட்டைக் கடைகளில் அலைந்தேன். காரின் வயதைச் சொன்னதும் ஒருவர் என்னிடம் அனுதாபப்பட்டார், இன்னொருவர் அதை மியூசியத்துக்குக் கொடுக்கச் சொன்னார். கடைசியில் லாரி சைலன்சருக்குப் போடுகிற ஆஸ்பெஸ்டாஸ் தகடு ஒரு துண்டும் ஒரு நட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். நானே வெட்டிவிடுவது என்று முடிவு. கழற்றிய மேனிபோல்டின் மேல் தகடை வைத்து ஓரங்களைச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் அச்சு விழும், அந்த அச்சின் மேல் வெட்டு என்று புத்தகம் சொன்னது. வெட்டலாம். ஆணி போகிற துளைகளைக் குத்துவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

வீட்டு உரிமையாளரிடம் இருந்தது. புடவை டிசைனுக்கு அட்டையில் துளை போடுகிற இரும்புக் குத்தி. கேட்டேன். அவர் யோசித்தார்.

"அமாவாசையில நாங்க அதைத் தொடறதில்லீங்க சார்."

"நீங்க தொட வேண்டாம். நான் தொடறேன்."

"மொன்னையாப் போச்சுன்னா அடுத்த புடவையில மயிலுக்குக் கண்ணு வராது."

"கண்ணை மூடித் தூங்கற மயிலுன்னு வித்துடுங்க."

குத்தியைக் கொண்டுவந்து கொடுத்தார். "எடத்தைக் காட்டறேன். குத்தறது நீங்க. பாவமும் உங்களோடது" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் குந்திக்கொண்டார்.

அந்தப் பாவத்தை மனமாரச் செய்தேன். முதல் தடவை புகை வெளியேறுகிற ஓட்டையைச் சின்னதாக வெட்டிவிட்டேன். மாட்டி ஓடவிட்டால் கார் மூச்சு முட்டிக் குலுங்கியது. கூட்டத்தில் ஒருவர், "முடிஞ்சு போச்சு" என்றார். மறுபடி எல்லாவற்றையும் கழற்றினேன். முழங்கையில் தோல் போயிற்று. நல்ல சட்டை ஒன்று அன்றோடு வீடு துடைக்கப் போயிற்று. யாராவது என்னிடம் அப்போது "நாளைக்குப் பாத்துக்கலாமே சார்" என்று சொல்லியிருந்தால் ஸ்பேனரை அவர் கையில் கொடுத்துவிட்டு வேறு ஸ்பேனர் எடுத்திருப்பேன். நாளைக்குத் தறி ஓடும். தறி ஓடினால் என் எஞ்சின் எனக்குக் கேட்காது.

மாட்டி முடித்தேன். நாமக்கல்லில் இறுக்கிய டேப்பெட்டுகளையும் புத்தகம் சொன்ன இடைவெளிக்குத் தளர்த்தினேன். பொழுது சாயும் நேரம். எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருந்தது. மனைவியிடம் ஊதுபத்தி கேட்டேன். கொளுத்திக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள்.

புகை அந்த மூலையிலும் நேராக மேலே போயிற்று. எஞ்சினிலிருந்து தையல் மெஷின் ஓடுகிற மாதிரி ஒரு மெல்லிய சத்தம், அது இருக்க வேண்டிய சத்தம், அவ்வளவுதான். வீட்டு உரிமையாளர் இன்னும் காதைச் சாய்த்து வைத்திருந்தார். "நின்னுபோச்சா சார்?" என்று கேட்டார். "ஓடுதுங்க" என்றேன்.

காதுகுத்தன்று காலையில் கிளம்பினோம். பின்சீட்டு முழுக்கச் சீர்த் தட்டுகள். மடியில் வாழைப்பழச் சீப்போடு என் மனைவி. மரவள்ளி வண்டிக்கு வழிவிட்ட மேட்டை ஒரே மூச்சில் ஏறினோம். அன்றைக்குப் பார்த்து மாடு ஒன்றும் இல்லை. நாமக்கல் மலை வந்தது, போனது. பரமத்தி தாண்டினோம். ஊர் எல்லையில் வாய்க்கால் பாலம் ஒன்று உண்டு, எதிர்கொண்டு அழைக்கிற இடம் அதுதான். அங்கே ஆளே இல்லை. நேரமாகிவிட்டதோ என்று பயந்து நேராகப் பந்தலுக்கே ஓட்டிப்போய் நிறுத்தினேன்.

பந்தலில் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஏங், மாமன் தானா வந்துட்டாரு? யாரும் கூப்பிடப் போவலையா?" என்று ஓர் அம்மாள் நன்றாகக் கேட்கும்படி சொன்னாள். நான் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துவிட்டேன். அப்போது தங்கை வேகமாக வந்தாள்.

"அண்ணா, எறங்காத."

காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"எங்க போனாரு மாப்பிள்ளை?"

"பாலத்துக்கிட்டதான் இருக்கறாங்க. தென்னந்தோப்புக்குள்ள மேளகாரங்களுக்கு இட்லி போட்டுக்கிட்டிருக்கறாங்க. 'நிதானமாச் சாப்புடுங்க, அவுரு வண்டி பரமத்தி தாண்டறப்பவே கேக்கும்'னு சொல்லிட்டுப் போனாங்க." அவள் பானட்டைப் பார்த்தாள். ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை ஒரு கணம் கேட்டாள். "கேக்கவே இல்லையாண்ணா அவுங்களுக்கு?"

"இல்லை போலிருக்கு."

"திரும்பிப் போ. பாலத்துல போயி நில்லு. அவுங்களா வந்து கூப்பிட்டாத்தான் நீ வரோணும்."

பந்தலிலிருந்த அத்தனை பேரும் பார்க்க, வந்த வழியே பின்னால் எடுத்துத் திருப்பினேன். சீரோடு வந்த மாமன் சீரோடு திரும்பிப் போகிறான் என்று இரண்டு பெரியவர்கள் எழுந்து கைநீட்டிக் கூப்பிட்டார்கள். நான் நிற்கவில்லை. அந்த ஊரில் நான் செய்த காரியங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

பாலத்தில் எஞ்சினை ஓடவிட்டபடி நின்றேன். ஹாரன் அடிக்கவில்லை. அடிக்கச் சொன்னாள் மனைவி, மாட்டேன் என்றேன். பந்தலிலிருந்து யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். தோப்புக்குள்ளிருந்து மாப்பிள்ளை வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்தார். பின்னால் மேளகாரர்கள் கைகூடச் சரியாகக் கழுவாமல் வந்தார்கள்.

"என்னுங் மச்சான், எப்ப வந்தீங்க? நாங்க காதை ரோட்டுலயே வெச்சிருந்தமே."

"வந்து நேரமாச்சுங்க மாப்ள."

அவர் காரைச் சுற்றி வந்தார். பின்னால் போய்ச் சைலன்சரைக் குனிந்து பார்த்தார். முன்னால் வந்து பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"ஓடுதுங்களா இது?"

"ஓடுதுங்க."

"எந்தப் பட்டறையிலீங்க?"

"அம்மாபேட்டைங்க."

"அங்க ஏதுங் பட்டறை?" என்றார். பிறகு அவரே பேச்சை மாற்றினார். "செரி, வண்டி இங்கயே இருக்கட்டுமுங்க. எறங்குங்க, மேளத்தோட நடந்து போயறலாம்."

"வண்டியும் வரோணுமுங்க."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். எத்தனையோ லாரிக்காரர்களிடம் பேரம் பேசிப் பழகிய மனிதர். இது பேரத்துக்கு வராத சரக்கு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மேளகாரர்களுக்குக் கை காட்டினார். மேளம் முன்னால் போயிற்று. தட்டெடுக்க வந்த பெண்கள் அடுத்து. அதன் பின்னால், முதல் கியரில், நடக்கிறவர்களின் வேகத்தில் நான். காரின் பக்கத்திலேயே, கதவில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை நடந்து வந்தார்.

பந்தலுக்கு முன்னால் மேளம் நின்றது. மேளம் நின்றதும் அந்த இடத்தில் சட்டென்று ஓர் அமைதி வந்தது. என் கார் அந்த அமைதிக்கு நடுவில் நின்று ஓடிக்கொண்டிருந்தது. லாரி டிரைவர் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் காதைத் தொட்டுக் காட்டி, ஒன்றும் கேட்கவில்லை என்று உதட்டைப் பிதுக்கினார். தங்கை ஆரத்தித் தட்டோடு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. தன் வீட்டுக்காரரைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "எறங்கச் சொல்லுங்க எங்கண்ணன" என்றாள்.

மாப்பிள்ளை கதவைத் திறந்து பிடித்தார். "எறங்குங்க மச்சான்."

நான் உடனே இறங்கவில்லை. என் மனைவி பக்கத்திலிருந்து மெதுவாக, "எஞ்சின நிறுத்துங்க, பெட்ரோல் போவுது" என்றாள்.

"போகட்டும்" என்றேன். சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். எல்லாருக்கும் நன்றாகக் கேட்காமல் இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்ச நேரம் ஓடவிட்டேன்.